புழையும் மூடியும்: ஒரு விமான என்ஜின் தண்டின் வரலாறு

தொழில்நுட்பத்தின் வரலாற்றை மேல்நோக்கிச் செல்லும் படிக்கட்டாகவே நாம் வாசித்துப் பழகியிருக்கிறோம். மரத்துக்குப் பின் உலோகம், கைக்குப் பின் இயந்திரம், அசையாததற்குப் பின் அசைவது. ஒரு படியில் ஏறியவர்கள் கீழ்ப்படிக்குத் திரும்புவதில்லை என்பது இவ்வாசிப்பின் உள்ளே இருக்கும் நம்பிக்கை. பட்டறைகளில் நடப்பது வேறு. அங்கே நன்கு யோசித்து, கணக்குப் போட்டு, மேற்படியிலிருந்து கீழே இறங்கி வருகிறவர்கள் உண்டு. அவர்கள் இறங்குவதற்கென்றே என்ஜின் செய்யும் நிறுவனம் வழிமுறைகளை அச்சடித்துக் கொடுத்ததும் உண்டு. சிறு விமானம் ஒன்றின் மாறுகோணப் புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, கோணம் மாறாத எளிய புரொப்பெல்லரைப் பொருத்துவது அப்படிப்பட்ட ஓர் இறக்கம். அதற்காக என்ஜின் தண்டுக்குள் செய்யப்படும் வேலை மிகச் சிறியது. உள்ளே இருக்கும் ஒரு தகட்டு மூடியை ஓட்டை போட்டு அகற்ற வேண்டும். முன்வாயில் வேறொரு மூடியை அடித்துப் பொருத்த வேண்டும். அவ்விரு மூடிகளின் கதையைத்தான் நாம் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் சொற்களைத் தீர்த்துக்கொள்வோம். பிஸ்டன்களின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் வளைந்த தண்டைப் பாடநூல்கள் வணரித்தண்டு என்கின்றன. அழகான சொல்தான். ஆனால் எந்தப் பட்டறையிலும் அச்சொல்லைக் கேட்டு ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார். ஆகவே கிராங்க் தண்டு என்றே வைத்துக்கொள்வோம். பிட்ச் என்பதற்கு நம் கையிலேயே விளக்கம் இருக்கிறது. பனையோலையைக் கிழித்து, முள்ளில் குத்திக் காற்றாடி செய்து ஓடியவர்களுக்குத் தெரியும்: ஓலை சற்றே திரும்பியிருந்தால்தான் அது சுழலும். தட்டையாக இருந்தால் நிற்கும். அளவுக்கு மேல் திருகிவிட்டாலும் நிற்கும். புரொப்பெல்லர் இந்தக் காற்றாடியின் மறுபக்கம். காற்று அதைச் சுழற்றுவதில்லை, அது காற்றைத் தள்ளுகிறது. அலகு எந்தச் சாய்வில் காற்றை வெட்டுகிறது என்பதைப் பொறுத்து, ஒரு சுற்றுக்கு விமானம் எவ்வளவு முன்னேற முடியும் என்பது அமைகிறது. மரத்தில் இறங்கும் திருகாணியின் புரியிடைவெளிக்கு ஒப்பானது அது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஓடுபாதையில் நிற்கும் விமானத்துக்குத் தேவை சிறு சாய்வு. வேகம் இல்லாத நிலையில் அலகு பெருஞ்சாய்வில் இருந்தால், காற்றை வெட்டாமல் பலகையைப்போல மோதும். என்ஜின் தன் முழுச் சுழற்சியை எட்டாமல் திணறும். மேலே வேகமாகப் பறக்கும்போது தேவை நேரெதிரானது. அங்கே சாய்வு சிறிதாக இருந்தால் என்ஜின் வீணே விரைந்து சுழலும், இழுவை இருக்காது. மேட்டில் ஏறும் சைக்கிளுக்கும் சமதரையில் ஓடும் சைக்கிளுக்கும் ஒரே கியர் போதாது என்பதைப்போல. நிலைகோணப் புரொப்பெல்லர் என்பது ஒரே கியர் வைத்த சைக்கிள். இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு சாய்வைத் தேர்ந்து, இரண்டிலும் கொஞ்சம் இழப்பதற்குச் சம்மதித்துச் செதுக்கப்பட்டது.

ரைட் சகோதரர்கள் 1903இல் பறந்தபோது இந்த இழப்பு பெரிதாக உறுத்தவில்லை. அவர்களுடைய விமானம் புறப்படும் வேகத்துக்கும் பறக்கும் வேகத்துக்கும் அதிக வேறுபாடே இல்லை. புரொப்பெல்லரை, சுழலும் இறக்கை என்று முதலில் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் அவர்கள். ஸ்ப்ரூஸ் மரத்தில் அவர்கள் செதுக்கிய அலகுகளின் திறன் இன்றைய அளவுகோலிலும் வியப்பூட்டுவது. நம் கதைக்கு முக்கியமானது அந்த என்ஜினின் கிராங்க் தண்டு. அவர்களின் மெக்கானிக் சார்லி டெய்லர் சுமார் 100 பவுண்டு எடையுள்ள எஃகுப் பாளம் ஒன்றை எடுத்து, வடிவத்தின் ஓரத்தில் வரிசையாகத் துளைகள் போட்டு, வேண்டாத பகுதியைத் தட்டி விழவைத்து, மிச்சத்தைக் கடைசலில் ஏற்றினார். எஞ்சியது 19 பவுண்டு தண்டு. புரொப்பெல்லருடன் அதற்கு நேரடி உறவு கிடையாது. இடையில் சைக்கிள் சங்கிலியைப் போன்ற சங்கிலிகள் ஓடின. ஆற்றலைக் கடத்துவதைத் தவிர வேறெந்தக் கடமையும் அத்தண்டுக்கு இல்லை.

அடுத்த இருபது ஆண்டுகளில் விமானங்களின் வேகம் கூடக்கூட நடுநிலைச் சாய்வு தாளமுடியாததாகியது. பறக்கும்போதே அலகுகளைத் திருப்ப வேண்டும். சுழன்றுகொண்டிருக்கும் ஒன்றுக்குள் கையை எப்படி நுழைப்பது? இதற்கு மூன்று விதமான விடைகள் தோன்றின. கனடாவின் வாலஸ் டர்ன்புல் மின்மோட்டார் ஒன்றைப் புரொப்பெல்லரின் மையத்திலேயே வைத்தார். 1927இல் கேம்ப் போர்டன் தளத்தில் அது பறந்து சோதிக்கப்பட்டது. பிரிட்டனில் ஹீலி-ஷாவும் பீச்சமும் 1924இலேயே திரவ அழுத்தத்தால் திருப்பும் வடிவத்துக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். மூன்றாவது பிரெஞ்சு நிறுவனமான ராத்தியேவின் விடை. அதன் எளிமையை இன்று நினைத்தாலும் புன்னகை வருகிறது.

1934 அக்டோபரில் இங்கிலாந்தின் மில்டன்ஹாலிலிருந்து ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன்வரை ஒரு விமானப் பந்தயம் நடந்தது. வென்றது ஸ்காட்டும் காம்ப்பெல் பிளாக்கும் ஓட்டிய டி ஹாவிலண்ட் காமெட். சுமார் 71 மணிநேரத்தில் மெல்பர்னை எட்டிய அந்த விமானத்தில் இருந்தவை ராத்தியே புரொப்பெல்லர்கள். புறப்படுமுன் தரையில் நின்றபடி சைக்கிள் பம்பால் அவற்றின் மையத்துக்குள் காற்றடிப்பார்கள். காற்றழுத்தம் அலகுகளைச் சிறு சாய்வில் பிடித்துவைத்திருக்கும். விமானம் போதிய வேகத்தை எட்டியதும் எதிர்க்காற்று முன்முனையிலுள்ள சிறு வட்டத்தகட்டை அழுத்தும், வால்வு திறக்கும், காற்று வெளியேறும், அலகுகள் பெருஞ்சாய்வுக்குப் போய்விடும். அவ்வளவுதான். ஆகாயத்தில் மீண்டும் பழைய சாய்வுக்குத் திரும்ப வழி கிடையாது. பாக்தாதிலும் அலகாபாத்திலும் இறங்கியபோது மறுபடியும் பம்ப் அடித்தாக வேண்டும். உலகின் அதிவேக நெடும்பயண விமானத்துக்கு அலகாபாத் வெயிலில் யாரோ சைக்கிள் பம்பை அழுத்தும் காட்சியை எந்த நாவலாசிரியரும் தைரியமாக எழுதமாட்டார். நம்பமுடியவில்லை என்று விமர்சகர்கள் சொல்லிவிடுவார்கள்.

அதே பந்தயத்தில் இரண்டாவதாக வந்தது டச்சு நிறுவனமான கே.எல்.எம்.மின் டி.சி.-2 பயணிகள் விமானம். எதிர்காலம் அதனுடைய புரொப்பெல்லர்களில்தான் இருந்தது. அமெரிக்காவின் ஹாமில்ட்டன் ஸ்டாண்டர்ட் நிறுவனத்தில் ஃப்ராங்க் கால்ட்வெல் வடிவமைத்த முறை அது. போயிங் 247 விமானம் ராக்கி மலைப்பகுதியின் உயரமான தளங்களிலிருந்து நிலைகோணப் புரொப்பெல்லரோடு கிளம்பத் திணறியபோது, கால்ட்வெல்லின் புரொப்பெல்லர் புறப்பாட்டு ஓட்டத்தைச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தது. 1933ஆம் ஆண்டுக்கான காலியர் விருது அதற்குக் கிடைத்தது. மின்மோட்டாரோ சைக்கிள் பம்போ இதில் இல்லை. என்ஜினுக்குள் ஏற்கெனவே அழுத்தத்தோடு ஓடிக்கொண்டிருக்கும் எண்ணெயையே கால்ட்வெல் பயன்படுத்தினார். அந்த எண்ணெயைச் சுழலும் தண்டின் உள்ளே செலுத்தினால் அது முன்முனைக்குப் போய் ஒரு பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் அலகுகளைத் திருப்பும். எதிர்த்திசையில் திருப்புவதைச் சுழற்சியால் விலகும் எடைக்குண்டுகள் பார்த்துக்கொள்ளும்.

தண்டின் நடுவே புழை வைப்பது அதற்கு முன்பே இருந்த வழக்கம். முறுக்கத்தைத் தாங்குவதில் தண்டின் வெளிப்பரப்புக்குத்தான் பெரும்பங்கு. நடுப்பகுதி எஃகு பெரும்பாலும் சும்மா எடையாக இருக்கும். மூங்கிலைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எடைக்காக வெட்டி எடுக்கப்பட்ட அந்த வெற்றிடத்துக்கு இப்போது ஒரு வேலை கிடைத்தது. அது குழாயாகியது. ஆற்றலைக் கடத்திய தண்டு, கட்டளையையும் கடத்தத் தொடங்கியது.

சில ஆண்டுகளிலேயே கவர்னர் வந்து சேர்ந்தது. கவர்னர் என்றதும் நமக்கு மாநில ஆளுநர் நினைவுக்கு வருவார். இது ஆட்சி செய்வது சுழற்சி வேகத்தை. நீராவி என்ஜின்களில் ஜேம்ஸ் வாட் வைத்த சுழலும் குண்டுகளின் வாரிசு. என்ஜின் விரைந்தால் குண்டுகள் விலகும், வால்வு நகரும், எண்ணெய் போகும் அளவு மாறும், அலகு சற்றே திரும்பும், வேகம் பழைய நிலைக்கு வரும். விமானி ஒரு வேகத்தைக் கேட்டுவிட்டு மறந்துவிடலாம்.

இதன் அருமை உலகுக்குத் தெரிந்தது போரில். ஸ்பிட்ஃபயர் விமானத்தைப் பற்றி உலகம் எழுதிய காவியங்களில், முதலில் வந்த 77 விமானங்கள் இரண்டு அலகுள்ள மர நிலைகோணப் புரொப்பெல்லரோடு பறந்தன என்பது பெரும்பாலும் அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை. அடுத்து வந்தவற்றில் மூன்று அலகு, இரு நிலை மட்டுமே கொண்ட டி ஹாவிலண்ட் புரொப்பெல்லர் இருந்தது. இதற்காக என்ஜினின் தண்டும் மாற வேண்டியிருந்தது. மெர்லின் 2 என்ஜினின் புரொப்பெல்லர் தண்டு நிலைகோணத்துக்கானது. மெர்லின் 3இல் டி ஹாவிலண்ட், ரோட்டால் ஆகிய இரண்டு நிறுவனங்களின் புரொப்பெல்லர்களையும் ஏற்கும் பொதுத்தண்டு வைக்கப்பட்டது. 1940 ஜூனில், பிரான்ஸ் வீழ்ந்துகொண்டிருந்த வாரங்களில், இரு நிலை போதாது, கவர்னரோடு கூடிய மாறுகோணமே வேண்டும் என்று முடிவாயிற்று. விமானங்களைத் தொழிற்சாலைக்கு அழைக்க நேரமில்லை. டி ஹாவிலண்டின் பொறியாளர்கள் கவர்னர்களையும் எண்ணெய்க் குழாய்களையும் எடுத்துக்கொண்டு தளம் தளமாகச் சென்றார்கள். ஆகஸ்ட் நடுப்பகுதிக்குள் ஸ்பிட்ஃபயர்களும் ஹரிக்கேன்களுமாக 1,051 விமானங்கள் மாற்றப்பட்டுவிட்டன. பிரிட்டன் சண்டையின் கடும் வாரங்கள் தொடங்கியபோது அவ்விமானங்கள் முன்பைவிட விரைவில் உயரம் பிடித்தன.

படிக்கட்டு வரலாறு இங்கே முடிந்திருக்க வேண்டும். மரம் தோற்றது, எண்ணெய் வென்றது, சுபம். ஆனால் போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் விமானம் வாங்கியவர்கள் போர்ப்படைகள் மட்டுமல்லர். பறக்கக் கற்றுத்தரும் பள்ளிகள், சிறு ஊர்களின் விமானக் கழகங்கள், வார இறுதியில் பறக்கும் மருத்துவர்கள், வயலுக்கு மேல் மருந்து தெளிப்பவர்கள் எல்லோரும் வந்தார்கள். அவர்களுக்கு மாறுகோணப் புரொப்பெல்லர் என்பது விலை கூடிய, எடை கூடிய, குறித்த காலத்தில் பிரித்துப் பழுதுபார்க்க வேண்டிய ஓர் இயந்திரம். கற்றுக்கொள்பவனுக்கு அது கூடுதலாக ஒரு நெம்புகோல், தவறு செய்வதற்குக் கூடுதலாக ஒரு வாய்ப்பு. மணிக்கு 180 கிலோமீட்டரில் சுற்றிவரும் பயிற்சி விமானத்துக்கு ஒரே கியர் போதும்.

பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டிலுள்ள லைக்கமிங் நிறுவனம் 1950களில் கொண்டுவந்த ஓ-320, ஓ-360 என்ஜின்கள் இந்தச் சந்தையில் வேரூன்றின. நான்கு சிலிண்டர்கள், இருபுறமும் படுத்த நிலையில், காற்றால் குளிர்பவை; 150லிருந்து 180 குதிரைத்திறன்வரை. மெர்லினைப்போல இடையில் பல்சக்கரங்களும் தனிப் புரொப்பெல்லர் தண்டும் இவற்றில் கிடையாது. கிராங்க் தண்டே என்ஜினின் முகப்பைத் தாண்டி நீண்டு, ஒரு வட்டத்தட்டாக முடிகிறது. அத்தட்டில் புரொப்பெல்லரைப் போல்ட் போட்டு இறுக்க வேண்டியதுதான். ஆகவே சார்லி டெய்லரின் தண்டுக்கு இல்லாத எல்லாக் கடமைகளும் இத்தண்டின் மேல் விழுந்தன. பிஸ்டன்களின் அடியை வாங்க வேண்டும், புரொப்பெல்லரைத் தாங்க வேண்டும், வேண்டுமானால் எண்ணெயையும் கொண்டுபோக வேண்டும்.

‘வேண்டுமானால்’ என்ற சொல்லில்தான் நம் கதை குடியிருக்கிறது. இரண்டு வகைப் புரொப்பெல்லருக்கும் தனித்தனித் தண்டு செய்வதைவிட, முன்பகுதியில் புழை வைத்த ஒரே வகைத் தண்டைச் செய்து, தேவைக்கேற்ப அடைத்துக்கொள்வது சிக்கனம். அடைப்பு என்பது சற்றே குவிந்த வட்டத் தகடு, மெக்கானிக்குகளுக்குப் பிளக். குவிந்த பக்கம் வெளியே பார்க்கும்படி புழையில் வைத்து நடுவில் அடித்தால் தகடு தட்டையாகி விரியும், விளிம்பு புழையின் சுவரைக் கவ்விக்கொள்ளும். பிளக்குக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று புழையின் உள்முனையில், இன்னொன்று புரொப்பெல்லரை ஒட்டிய முன்வாயில்.

மாறுகோண அமைப்பில் உள்முனைப் பிளக் இருக்கும், முன்வாய் திறந்திருக்கும். கவர்னரிலிருந்து வரும் எண்ணெய், முன்பேரிங் வழியாகத் தண்டுக்குள் நுழைகிறது. பின்னால் போகமுடியாது, அடைத்திருக்கிறது. ஆகவே முன்னால் போய்ப் புரொப்பெல்லரை இயக்குகிறது. நிலைகோண அமைப்பில் இது தலைகீழ். முன்வாயில் பிளக் வேண்டும், இல்லையேல் எண்ணெய் வெளியே கொட்டும். உள்முனைப் பிளக் இருக்கக்கூடாது. மாற்றுபவர் கவர்னரைக் கழற்றி அவ்விடத்தைத் தகட்டால் மூடுவார், வெளிக்குழாயை அகற்றித் துளையை அடைப்பார், உள்முனைப் பிளக்கைக் குத்தித் துளைத்து நெம்பி எடுப்பார், முன்வாயில் புதிய பிளக்கை அடிப்பார். வட்டத்தட்டில் போல்ட்டுகள் நுழையும் புஷ்களையும் புதிய புரொப்பெல்லருக்கேற்ப மாற்ற வேண்டியிருக்கலாம். வேலை அவ்வளவே.

உள்முனைப் பிளக்கை ஏன் எடுக்க வேண்டும்? கவர்னர்தான் போய்விட்டதே, எண்ணெய் வரும் வழியையும் அடைத்தாயிற்றே, அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றும். நமக்கும் தோன்றியது. விடை பேரிங்கில் இருக்கிறது. தண்டு சுழல்வதே எண்ணெய்ப் படலத்தின் மேல்தான். கவர்னர் எண்ணெய் நுழைந்த பழைய துளை வழியே பேரிங்கின் எண்ணெய் கசிந்து புழைக்குள் வந்துகொண்டே இருக்கும். உள்முனை திறந்திருந்தால் அது பின்வழியே என்ஜினின் அடித்தொட்டிக்குத் திரும்பிவிடும். இரு முனையும் அடைபட்டிருந்தால், போக்கிடம் இல்லாத எண்ணெயின் அழுத்தம் ஏறும். ஒருநாள் முன்வாய்ப் பிளக்கைப் பிடுங்கி எறியும். பிறகு என்ஜினின் எண்ணெய் முழுவதும் புரொப்பெல்லர் மையத்தின் வழியே வெளியேறி முன்கண்ணாடியில் படியும். விமானிக்கு ஒரே நேரத்தில் பார்வையும் என்ஜினும் போகும். பழைய மாறுகோண என்ஜினை வாங்கித் தாமே கட்டும் விமானத்தில் வைப்பவர்கள் கவனிக்க வேண்டிய முதல் செய்தி இது. பைப்பர் அப்பாச்சி என்ற இரட்டை என்ஜின் விமானத்தில் ஓ-320கள் மாறுகோணப் புரொப்பெல்லர்களோடு இருந்தன. அப்படிப்பட்ட ஓர் என்ஜினுக்கு மறுவாழ்வு தரும்போது இறக்கம் தொடங்கும் இடம் இந்த உள்முனைப் பிளக்.

இந்த மாற்றம் எப்போதும் இருவழிப் பாதை என்று நினைத்துவிடக் கூடாது. சில வகைகளில் லைக்கமிங் புழையே இல்லாத முன்பகுதியை வைத்தது. பைப்பர் ஆர்ச்சரில் வரும் ஓ-360-ஏ4எம் அத்தகையது. அதில் எண்ணெய் முன்னே போக வழியே இல்லை. தண்டையே மாற்றினாலொழிய மாறுகோணப் புரொப்பெல்லருக்கு ஏறமுடியாது. இதைக் குறை என்று பேசுபவர்களை நாம் வாசித்திருக்கிறோம். அதே குறை எப்படி நிறையாகியது என்பதற்குச் சற்றுப் பொறுக்க வேண்டும்.

இன்னொரு செய்தியையும் போகிற போக்கில் சொல்லிவிடலாம். புரொப்பெல்லரை மாற்றினால் தண்டின் அதிர்வும் மாறும். ஓ-360 என்ஜினில் ஒரு குறிப்பிட்ட சென்சனிக் உலோக நிலைகோணப் புரொப்பெல்லரைப் பூட்டிய செரோக்கி 180 விமானங்களில், நிமிடத்துக்கு 2150 முதல் 2350 சுற்றுகளுக்கு இடையே தொடர்ந்து இயக்காதே என்ற எச்சரிக்கை உண்டு. எளிய பொருள் என்று நாம் நினைக்கும் உலோகத்துண்டு, சுருதி சேர்ந்துவிட்டால் தன்னையும் தன்னைத் தாங்கும் தண்டையும் உடைத்துக்கொள்ளக்கூடியது. எந்த என்ஜினுக்கு எந்தப் புரொப்பெல்லர் என்பதற்கு இவ்வளவு ஆவணங்கள் தேவைப்படுவது அதிகாரிகளின் பொழுதுபோக்கால் அல்ல.

இனி அந்த வெற்றிடத்துக்கு வருவோம். உள்முனை திறந்து, முன்வாய் அடைபட்ட புழை. அதற்கு வேலை இல்லை. ஆயிரக்கணக்கான பயிற்சி விமானங்கள் இப்படிப்பட்ட தண்டுகளோடு பல்லாண்டுகள் பறந்தன. மாற்றப்பட்டவை மட்டுமல்ல, தொழிற்சாலையிலிருந்தே நிலைகோணத்துக்கென்று அடைக்கப்பட்டு வந்தவையும் இதில் அடக்கம். மாறுகோண என்ஜினில் இதே புழைக்குள் எண்ணெய் எப்போதும் அழுத்தத்தோடு நிறைந்திருக்கும், எஃகு நனைந்திருக்கும். இங்கே அது முட்டுச்சந்து. பெட்ரோல் எரியும்போது நீராவி பிறக்கிறது. பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கசியும் வாயுக்களோடு நீரும் அமிலங்களும் என்ஜினுக்குள் சேர்கின்றன. நாள்தோறும் நெடுநேரம் பறக்கும் விமானத்தில் சூடு அவற்றை விரட்டிவிடும். மாதத்துக்கு ஒருமுறை ஓட்டிவிட்டு மழைக்காலம் முழுதும் கொட்டகையில் நிறுத்தினால், குளிரும்போது ஈரம் அந்த முட்டுச்சந்தின் சுவரில் படியும். எஃகில் குண்டூசித் தலையளவு குழிகள் விழும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. முன்வாயில் பிளக், அதன்மேல் புரொப்பெல்லர்.

குழி சிறியதுதான். ஆனால் நான்கு சிலிண்டர் என்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை தண்டை அடிக்கிறது. நிமிடத்துக்கு 2500 சுற்றென்றால் மணிக்கு 3,00,000 அடிகள். ஒவ்வோர் அடியிலும் தண்டு கண்ணுக்குத் தெரியாத அளவு முறுகித் திரும்புகிறது. வெளிப்பரப்புதான் பாரம் தாங்குகிறது என்ற பழைய கணக்கு சரிதான். உள்சுவரின் மேல் விழும் பாரம் குறைவுதான். ஆனால் குழியின் அடியில் அந்தக் குறைந்த பாரமும் ஒரு புள்ளியில் குவிகிறது. அங்கிருந்து விரிசல் கிளம்புகிறது. வெளிப்பரப்பைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்த கண்களுக்கு, உள்ளிருந்து வருவதைப் பார்க்க வாய்ப்பில்லை.

1993இல் ஒரு பைப்பர் வாரியர் விமானத்தின் ஓ-320 என்ஜினில் கிராங்க் தண்டு பறக்கும்போதே ஒடிந்தது. புரொப்பெல்லர் விமானத்தைவிட்டுப் பிரிந்து போயிற்று. விமானி அவசரமாகத் தரையிறக்கினார். ஒடிந்த முகத்தை ஆராய்ந்தபோது, விரிசலின் ஊற்று புழையின் உள்சுவரிலிருந்த துருக்குழிகள் என்று தெரிந்தது. வாரியர் அதிசய விமானம் ஒன்றுமல்ல. பறக்கக் கற்றுக்கொள்கிறவர்கள் முதல்முறை தனியே கிளம்பும் விமான வகைகளில் ஒன்று. அவர்களுக்காகத்தான், எளிமை பாதுகாப்பானது என்பதற்காகத்தான், நிலைகோணப் புரொப்பெல்லரைத் தேர்ந்தார்கள். சிக்கலான இயந்திரத்தைக் கழற்றியபோது அதன் கோளாறுகளும் கூடவே கழன்றுவிட்டன என்று நம்பினார்கள். நாமாக இருந்தாலும் அப்படித்தான் நம்பியிருப்போம்.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1998இல் 98-02-08 என்ற எண்ணில் கட்டாய ஆணை ஒன்றை வெளியிட்டது. நிலைகோணப் புரொப்பெல்லரும் புழைத்தண்டும் கொண்ட, 160 குதிரைத்திறன்வரையான 320 வகை, 180வரையான நான்கு சிலிண்டர் 360 வகை லைக்கமிங் என்ஜின்கள் அதன் இலக்கு. மாறுகோண என்ஜின்கள் இதில் இல்லை, எண்ணெய் அவற்றைக் காத்தது. புழையற்ற தண்டுள்ள ஆர்ச்சரும் இதிலிருந்து தப்பியது. ஏறமுடியாத தண்டு என்று ஏளனம் செய்யப்பட்டது, துருப்பிடிக்க உள்ளிடமே இல்லாத தண்டாகியது. சிக்கியவை நடுவில் நின்றவை: இரண்டுக்கும் ஆகட்டும் என்று புழை வைத்து, பின் ஒன்றுக்கு மட்டும் பயன்பட்டவை.

இதில் லைக்கமிங்கைக் குற்றஞ்சாட்டுவது எளிது. ஒரே தண்டை இரண்டுக்கும் செய்த சிக்கனம்தான் இந்த என்ஜின்களைப் பயிற்சிப் பள்ளிகளுக்குக் கட்டுப்படியாக்கியது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். பிழை அந்தத் தீர்மானத்தில் இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை. மூடிய இடத்தைப் பராமரிக்க வேண்டிய இடமாக யாரும் பட்டியலில் எழுதாததில் இருந்தது. எண்ணெயை மாற்றினார்கள், தீப்பொறிச் செருகிகளைத் துடைத்தார்கள், புரொப்பெல்லரின் ஓரத்தில் கல் பட்ட வடுக்களை அரத்தால் தேய்த்துச் சரிசெய்தார்கள். புழைக்குள் பார்க்க வேண்டுமென்றால் நன்றாக இருக்கிற பிளக்கை உடைக்க வேண்டும். நன்றாக இருப்பதை யார் உடைப்பார்கள்?

ஆணைக்குப் பின் அதைச் செய்கிறார்கள். புரொப்பெல்லரை இறக்கி, முன்வாய்ப் பிளக்கின் நடுவில் குத்தித் துளைத்து நெம்பி எடுக்கிறார்கள். பல ஆண்டுகளாகத் தேங்கிய கருஞ்சேற்றைக் கரைப்பான் கொண்டு வழித்து, விளக்கைப் பிடித்து உள்சுவரைப் பார்க்கிறார்கள். குழிகள் கண்ணில் பட்டால், ஒளிரும் சாயத்தைத் தடவி, விரிசல் உண்டா என்று புறஊதா ஒளியில் தேடுகிறார்கள். விரிசல் இருந்தால் தண்டின் ஆயுள் அங்கே முடிந்தது. சுவர் சுத்தமாக இருந்தால் துருவைத் தடுக்கும் பூச்சைப் பூசி உலரவிடுகிறார்கள். தொழிற்சாலையிலேயே பூச்சு பூசி வந்த தண்டுகளின் வட்டத்தட்டு விளிம்பில் பி.ஐ.டி. என்ற மூன்று எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். பட்டறையில் முதலில் அந்த எழுத்துகளைத்தான் தேடுவார்கள். பிறகு புதிய பிளக்கைக் குவிந்த பக்கம் வெளியே பார்க்க வைத்து, நடுவில் அடித்து விரிக்கிறார்கள். பழைய பிளக்கை மறுபடி பயன்படுத்துவதில்லை. நடுவில் ஓட்டை விழுந்த அந்தத் தகடு கழிவுக்கூடைக்குப் போகிறது, புரொப்பெல்லர் மீண்டும் தட்டில் ஏறுகிறது, செய்த வேலையும் தேதியும் என்ஜினின் பதிவேட்டில் ஒரு வரியாக எழுதப்படுகின்றன.